பம்ப்செட்காரர் வீட்டில் முப்பத்தொரு நிமிடம்

ரேடியோ வாயைத் திறந்தபோது மணி பதினொன்று பத்து. மூடியபோது பதினொன்று பதினாறு. அந்த ஆறு நிமிடத்தில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஓர் எக்ஸ்ரே மெஷினை இழந்திருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு ஊரில் மூன்று ஹோட்டல்கள். ரேடியோ எக்ஸ்ரே மெஷினின் விலையைச் சொன்னாள். "இதை நீங்க வாங்கிக் கொடுக்கணும் சார்" என்று கேட்டாள். அதுவரை எல்லாம் சரி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலு விநாடி ஆகியிருக்கும். அந்த நாலு விநாடி அமைதியை அவளால் தாங்க முடியவில்லை.

"முழுசா முடியலைன்னா பாதி கூடப் போதும் சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"பாதியும் கஷ்டம்னா ஏதோ உங்களால முடிஞ்சது."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இல்ல, இந்த மாசம் உங்களுக்கும் ஆயிரம் செலவு இருக்கும்ல சார்."

பேனா வந்த வழியே பைக்குள் திரும்பியது. ரேடியோ ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போது மடியில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. நடுவில் ஹோட்டலின் பெயர். அது இப்போது நிதி திரட்டும் பிரிவில், அவள் மேஜைக்கு நேர் எதிரே தொங்குகிறது. அங்கே மாட்டச் சொன்னது மேடம்.

ரேடியோ என்பது காலேஜில் விழுந்த பெயர். அணைக்கும் பட்டன் இல்லாத மாடல் என்று ஹாஸ்டலில் சொல்வார்கள். தாவரவியலில் எம்.எஸ்சி. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம், பேச்சுப் போட்டிகளில் மூன்று கேடயம். ஈரச் சுவர்களில் வளரும் பாசியைப் பற்றி நூற்றுப் பத்துப் பக்கத்துக்கு ஆய்வேடு. "பாசியில வழுக்காம நடக்கத் தெரிஞ்சா போதாதா, அதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா?" என்று அப்பா கேட்டதற்கும் அவளிடம் இருபது நிமிடத்துக்குப் பதில் இருந்தது.

பாசி படித்தவளுக்கு எந்த ஆபீசும் நாற்காலி போட்டுக் காத்திருக்கவில்லை. குழந்தைகள் ஆஸ்பத்திரி விளம்பரத்தில் 'நன்றாகப் பேசத் தெரிந்த பட்டதாரி தேவை' என்று இருந்தது. இன்டர்வியூவுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அவள் நாற்பது எடுத்துக்கொண்டாள். "வேலை கொடுக்கலைன்னா நீ எந்திரிச்சுப் போக மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு" என்று மேடம் பிற்பாடு சொன்னார்.

மேடம் அந்தப் பிரிவின் தலைவி. வயது நாற்பது. டிராயரில் எப்போதும் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கும். நல்ல செய்தி என்றால் ஒன்று தின்பார், கெட்ட செய்தி என்றால் இரண்டு. கடிகாரம் வந்த அன்று பாக்கெட் காலி.

அந்தப் பிரிவில் ஒவ்வொரு டெலிபோனின் தலையிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'தேவையைச் சொல். வாயை மூடு. முதலில் பேசுபவர்தான் கொடுப்பார்.' அதுதான் அவர்கள் தொழிலின் அரிச்சுவடி. என்ன வேண்டுமோ அதைக் கேட்டுவிட்டு, எதிராளி பேசும்வரை மூச்சு மட்டும் விட வேண்டும். எதிராளி யோசிக்கிறார். யோசிக்கிறவரை யோசிக்க விட வேண்டும். இவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கூடச் செய்துவிடும். ரேடியோவால் முடியவில்லை.

நன்றிக் கடிதம் எழுதுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் கடிதத்துக்கு ஜனங்கள் பதில் கடிதம் போட்டார்கள். டெலிபோனில் பழைய நன்கொடையாளர்கள் அவளைக் கேட்டு வாங்கிப் பேசினார்கள். ஆனால் நேரில் போய் ஒன்றைக் கேட்டு, கேட்டதைக் கையோடு கொண்டுவருவதுதான் வேலை. துணிக்கடை அம்மாள் ஒருவர் "சரிம்மா, தரேன்" என்று சொல்லியே விட்டார். அதற்கப்புறமும் ரேடியோ பதினோரு நிமிடம் பேசி, ஆஸ்பத்திரியில் கிருமி எப்படியெல்லாம் பரவுகிறது என்பது வரை விளக்கி, அந்த அம்மாளை "யோசிச்சுச் சொல்றேன்" என்ற இடத்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை மேடம் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமையோட உனக்கு ஆறு மாசம் முடியுது. நிரந்தரம் பண்றதா, கை குலுக்கி அனுப்புறதான்னு நான் எழுதிக் கொடுக்கணும்."

"மேடம், என் நன்றிக் கடிதத்துக்கு மட்டும் நாப்பது பதில் வந்திருக்கு. இதுக்கு முன்னாடி வருஷத்துக்கு நாலு வந்தா பெருசு. அந்த பேக்கரிக்காரர் என்ன எழுதியிருந்தார்னா..."

"பாரு."

"என்ன மேடம்?"

"நான் இன்னும் கேள்வியே கேக்கல. நீ பதில்ல பாதி முடிச்சுட்ட."

ரேடியோ வாயை மூடினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"சாரி மேடம்."

மேடம் டிராயரைத் திறந்தார். இரண்டு பிஸ்கட்.

"வியாழக்கிழமை பதினோரு மணிக்கு பம்ப்செட்காரரைப் பாக்கப் போற. நான் வரல. வந்தா என் முகத்தைப் பாத்துப் பாத்துப் பேசுவ. மூணாவது மாடி வார்டுக்கு மடக்குக் கட்டில் கேக்கணும்."

மூன்றாவது மாடியில் முப்பத்தாறு குழந்தைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்மா. முப்பத்தாறு அம்மாக்களும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார்கள். காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் குழந்தையைப் பார்த்த கையோடு அம்மாவின் கழுத்துச் சுளுக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. குழந்தையின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடக்கூடிய மடக்குக் கட்டில் வந்தால் தீர்ந்தது.

"முப்பத்தாறு," என்றார் மேடம். "ஒண்ணு குறையக் கூடாது. ஒரு அம்மா படுத்து இன்னொரு அம்மா பாத்துட்டு உக்காந்திருந்தா வார்டுல சண்டைதான் வரும். லெட்டர்ல கையெழுத்துப் போட்டாச்சு. கேளு. கேட்டுட்டுக் கூரையே இடிஞ்சு விழுந்தாலும் பேசாத."

"ஜெயிச்சு வந்தா?"

"வந்தப்புறம் பேசுவோம். அன்னிக்கு மட்டும் நீ எவ்வளவு வேணா பேசு."

வீட்டில் விஷயம் தெரிந்ததும் அப்பா நிதானமாகச் சொன்னார். "சித்தப்பா டைல்ஸ் கடையில ஒரு நாற்காலி காலியா இருக்கு. அங்க பேச்சே வேண்டியதில்ல. வழவழப்பா, சொரசொரப்பா, ரெண்டே கேள்வி."

"அக்கா போனா கஸ்டமர் வீடே கட்ட வேணாம்னு முடிவு பண்ணிடுவான்," என்றான் தம்பி.

"நீ வாய மூடு."

"அதை யாரு சொல்றதுன்னு பாரு."

புதன்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். ரேடியோ கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். திரையில் மேடம் கையெழுத்துப் போட்ட கடிதத்தின் நகல். எதிரே சுவரில் ஹோட்டல்காரர் கடிகாரம் டிக் டிக் என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் பக்கத்துக்குப் போனாள். இரண்டே இரண்டு பட்டனைத் தட்டினாள். பிரின்ட் எடுத்து ஃபைலில் வைத்தாள். பழைய மூன்றாம் பக்கத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் ஒளித்தாள்.

வியாழக்கிழமை. ஆஸ்பத்திரி வேன். டிரைவர் அண்ணன் செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டார்.

"ஓடுது தங்கச்சி. அடுத்த சிக்னல் வரைக்கும் மூச்சு."

திங்கட்கிழமையிலிருந்து இதுதான் பயிற்சி. சிக்னலுக்கு சிக்னல் மௌனம். தோற்றால் டீ அவள் செலவு. இதுவரை ஒன்பது டீ. அவளுடைய அதிகபட்சச் சாதனை ஒரு நிமிடம் நாற்பது விநாடி. அதுவும் அன்று அவளுக்குத் தும்மல் வந்துகொண்டிருந்ததால்.

"அண்ணே, அந்த மரத்தைப் பாத்தீங்களா, அது பட்டையில இருக்கிறது பாசியே கிடையாது..."

"பதினேழு செகண்டு," என்றார் டிரைவர் அண்ணன். "பத்தாவது டீ."

பம்ப்செட்காரர் வீட்டு ஹாலில் நாலு சோபாக்கள், ஜன்னலில் பூப்போட்ட தடிப்பான சாம்பல் நிறத் திரை, மூலையில் பீங்கான் தொட்டியில் ஒரு செடி. அவர் வந்து உட்கார்ந்தார். அறுபத்தைந்து இருக்கும். ஒல்லி. வெள்ளைச் சட்டை, கையில் தோல் வார் போட்ட பழைய வாட்ச். நாற்பது வருடமாகத் தண்ணீர் மோட்டார் விற்கிறவர். நாலு வருடமாக அவர் கம்பெனியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆண்டுக்கு ஒரு செக் வருகிறது. அதோடு ஒரு வரிக் கடிதம் கூட இருக்காது.

ரேடியோ ஃபைலை அவர் முன்னால் வைத்தாள். வார்டைப் பற்றிச் சொன்னாள். நாற்காலிகளைப் பற்றிச் சொன்னாள். நாலே நிமிடம். அவள் வாழ்க்கையிலேயே சுருக்கமான பேச்சு அதுதான்.

"அதனால சார், நீங்க அம்மாங்களுக்குப் பதினெட்டுக் கட்டில் வாங்கிக் கொடுக்கணும்னு கேக்க வந்திருக்கேன்."

ஆமாம். பதினெட்டு. மூன்றாம் பக்கத்தில் அவள் தட்டிய இரண்டு எண்கள் அவைதான். ஒன்று, எட்டு.

சொல்லிவிட்டு வாயை மூடினாள்.

பம்ப்செட்காரர் சாய்ந்து உட்கார்ந்தார். கைகளைக் கட்டிக்கொண்டார். அவளைப் பார்த்தார். பேசவில்லை.

முதல் நிமிடம் திரையில் இருந்த பூக்களை எண்ணுவதில் போனது. ஒரு வரிசைக்குப் பதினான்கு பூ. இரண்டாவது நிமிடத்தில் நாக்கின் நுனி அரித்தது. அதைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது நிமிடத்தில் செடியைப் பார்த்துத் தொலைத்தாள். கீழ் இலைகள் மஞ்சள். தண்டின் அடி கறுப்பு. மண் சதசதவென்று இருந்தது. யாரோ தினமும் தண்ணீரை ஊற்றி ஊற்றி அதை மூழ்கடித்துக்கொண்டிருக்கிறார்கள். வேர் அழுகுகிறது. இன்னும் பத்து நாள் தாங்கினால் அதிகம். எம்.எஸ்சி. தாவரவியல் படித்த ஒருத்தியின் கண்ணெதிரே ஒரு கொலை நடந்துகொண்டிருக்கிறது, அவள் வாயைத் திறக்கக் கூடாது. ரேடியோ இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள்.

ஏழாவது நிமிடம் அவருடைய செல்போன் அடித்தது. எடுத்தார்.

"அஞ்சு எச்.பி. மோட்டாரா? விலை போன வாரம் சொன்னதுதான்."

அவ்வளவுதான் சொன்னார். போனைக் காதில் வைத்தபடியே சும்மா இருந்தார். போனுக்குள் யாரோ கீச்சுக்கீச்சென்று பேசினார்கள். அவர் சும்மா இருந்தார். கீச்சுக்குரல் ஏறியது, இறங்கியது, கெஞ்சியது, கோபித்தது, கடைசியில் தானாகவே தேய்ந்து ஏதோ ஒன்றைச் சொன்னது.

"சாயங்காலம் வண்டியில ஏத்திடுறேன்," என்றார் அவர். போனை வைத்தார். கைகளைக் கட்டினார். மறுபடி அவளைப் பார்த்தார். அவருடைய இடது புருவம் ஒரு நூல் அளவுக்கு உயர்ந்து இறங்கியது.

ரேடியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. காத்துக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்காரர்கள் டெலிபோன் தலையில் ஒட்டி வைத்துப் படித்த பாடத்தை இவர் நாற்பது வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார். ஆயிரக்கணக்கான பேர் இவர் எதிரே உட்கார்ந்து தாங்களாகவே பேசி, தாங்களாகவே தோற்றுப்போயிருக்கிறார்கள். இப்போது அவள் முறை.

எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. டைல்ஸ் கடை நாற்காலி கண்ணில் வந்தது. வழவழப்பா, சொரசொரப்பா. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

பதினொன்று. பன்னிரண்டு. பன்னிரண்டு தாண்டியதும் அவர் முதன்முறையாக வாட்சைப் பார்த்தார். பதினைந்தில் அவளுக்கு வலது கால் மரத்தது. பதினெட்டில் அவர் தொண்டையைக் கனைத்தார். அவள் நம்பிக்கையோடு பார்த்தாள். வெறும் கனைப்புதான்.

இருபத்து நாலாவது நிமிடம் உள்ளே இருந்து அவர் மனைவி வந்தார். கையில் டிரே, இரண்டு கிளாஸ் எலுமிச்சை ஜூஸ். கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி.

"என்னங்க, பேச்சுச் சத்தமே காணோம். அந்தப் பொண்ணு போயிடுச்சான்னு நெனச்சேன்."

அந்த அம்மாள் டிரேயை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சண்டையா?"

பம்ப்செட்காரர் இல்லை என்று தலையாட்டினார்.

"உனக்குத் தொண்டை கட்டியிருக்காம்மா?"

ரேடியோவும் தலையாட்டினாள். சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாளுக்கு விளங்கிவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"கடைப் பழக்கத்தை ஹாலுக்குக் கொண்டு வந்துட்டீங்களா. எங்கப்பாகிட்ட என்னைக் கேக்க வந்தப்பவும் இவர் இப்படித்தாம்மா உக்காந்திருந்தார். எங்கப்பாவே பேசி, எங்கப்பாவே சம்மதிச்சு, எங்கப்பாவே தேதியும் குறிச்சார். இவர் ஜூஸ் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டார்."

பம்ப்செட்காரர் ஜூஸ் கிளாஸை எடுக்கப் போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஃபைலை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சத்தமாகப் படித்தார். ஒரு வரி விடவில்லை. நாற்காலிகள் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"இவங்களுக்கு நாற்காலியாவது இருக்கு. எனக்கு ஸ்டூலு." ரேடியோ பக்கம் திரும்பினார். "எங்க பெரியவனுக்கு நாலு வயசுல மஞ்சக்காமாலை. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. ஸ்டூல்ல உக்காந்து, கட்டில் கம்பியில தலையை வச்சுத் தூங்குவேன். கம்பித் தடம் நெத்தியில ஒரு மாசம் இருந்துச்சு. இவர் எப்ப வந்தார் தெரியுமா? நாலாவது நாள். ஒரு பை ஆரஞ்சோட. வந்து நின்னார். அப்பவும் பேசல."

பம்ப்செட்காரரின் காது நுனி சிவந்தது. வாய் திறந்தது. மூடியது. ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை.

அந்த அம்மாள் பக்கத்தைத் திருப்பினார். மூன்றாம் பக்கம். படித்தார். மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். மறுபடி மூன்றாம் பக்கம்.

"ஏம்மா, மொத பக்கத்துல முப்பத்தாறு குழந்தைங்கன்னு இருக்கு. இங்க பதினெட்டுக் கட்டில்னு இருக்கு. மிச்சப் பதினெட்டு அம்மாங்க என்ன பண்ணுவாங்க?"

அப்போது முப்பது நிமிடம் முடிந்து முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது.

ரேடியோவுக்கு மேடம் சொன்னது ஞாபகம் வந்தது. கூரையே இடிந்து விழுந்தாலும் பேசாதே. இதோ விழுந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டே இருந்தால் பதினெட்டு வந்துவிடும், அவளுக்கு அது தெரிந்தது. இந்த அம்மாள் இருக்கும் வேகத்தில் அவள் ஒன்றுமே சொல்ல வேண்டாம். பதினெட்டைக் கொண்டுபோய் மேடம் மேஜையில் வைத்து, அவர் பதினெட்டுத்தான் கொடுத்தார் என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வேலை நிரந்தரம். மிச்சப் பதினெட்டு அம்மாக்கள் கண்ணில் படாமல் இருக்க, தினமும் மூன்றாவது மாடி வழியாகப் போகாமல் லிஃப்டில் போய்க்கொள்ளலாம்.

"முப்பத்தாறுதாம்மா தேவை," என்றாள் ரேடியோ. குரல் கரகரவென்று வந்தது. "எங்க மேடம் முப்பத்தாறுதான் எழுதினாங்க. நேத்து மத்தியானம் நான்தான் அதைப் பாதியாக்கிட்டேன். அவ்வளவு கேட்டா சார் இல்லைன்னு சொல்லிடுவாரோன்னு பயம். நான் எப்பவும் இப்படித்தான். அவங்க குறைக்கிறதுக்கு முன்னாடி நானே குறைச்சுடுவேன். இன்னிக்கு வாயால குறைக்கக் கூடாதுன்னு பேப்பர்ல குறைச்சுட்டேன்."

கைப்பைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்து வைத்தாள். அதன்பின் சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை. அது அவளுக்குப் புது அனுபவம்.

பம்ப்செட்காரர் வாட்சைப் பார்த்தார்.

"முப்பத்தொரு நிமிஷம்," என்றார். குரலில் ஒரு மரியாதை இருந்தது. "என் எதிர உக்காந்து இதுவரைக்கும் யாரும் பன்னெண்டு தாண்டினதில்ல. நல்லாத்தான் பண்ணின. ஆனா பேசிட்ட, இனி ஏத்த முடியாது. பதினெட்டு."

"நில்லுங்க," என்றார் மனைவி. "முதல்ல பேசினது யாரு?"

"இந்தப் பொண்ணு."

"நான். ஜூஸோட வந்து நான்தான் பேசினேன். அதுக்கப்புறம் நிறுத்தவே இல்ல."

"நீ நடுவுல வந்தவ. இது எங்களுக்குள்ள."

"கம்பெனி யார் பேர்ல இருக்கு?"

பம்ப்செட்காரர் திரையைப் பார்த்தார்.

"செக்குல யார் கையெழுத்து?"

அவர் திரையில் இருந்த பூக்களை எண்ணத் தொடங்கியது போல இருந்தது.

"நாலு வருஷமா நான் கையெழுத்துப் போட்டு அனுப்புற செக்குக்கு, நாலு வருஷமா இவர் பேருக்கு நன்றிக் கடிதம் வருது," என்றார் அந்த அம்மாள் ரேடியோவிடம். "கடைசியா வந்தது நல்லா இருந்துச்சு. அந்த ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில ஒளிஞ்ச பிள்ளையைப் பத்தி. நீ எழுதினதா?"

ரேடியோ தலையாட்டினாள். காது, கன்னம், கழுத்து எல்லாம் சூடாகிவிட்டது. நாற்பது பதில் கடிதம் வாங்கியவள், ஒரு செக்கின் கீழ் மூலையை ஒரு தடவை உற்றுப் பார்த்ததில்லை.

"அப்ப சரி. உங்க சட்டப்படியே வச்சுக்குவோம். முதல்ல பேசினவங்கதான் கொடுக்கணும். பேசினது நான்." அவர் பேனாவை எடுத்துப் பதினெட்டை அடித்து, மேலே முப்பத்தாறு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "ஒரு கண்டிஷன். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கட்டில் கொண்டு வரச் சொல்லு. நான் வந்து ஒரு மத்தியானம் படுத்துப் பாப்பேன். முதுகு குத்துச்சுன்னா வேற கம்பெனி."

"சக்கரம் வச்சது வேணாம்," என்றார் பம்ப்செட்காரர் திடீரென்று. "நர்ஸ் கால்ல ஏறும். அடியில மாப் போற அளவுக்கு உயரம் இருக்கணும். கட்டில் குழாய் என்ன கனம்னு கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. நானும் வரேன்."

"ஆரஞ்சு வாங்கிட்டு வராதீங்க," என்றார் மனைவி.

வாசல் வரை வந்த ரேடியோ திரும்பினாள். இனி அவளால் ஆகாது.

"சார், அந்தச் செடிக்கு ரெண்டு வாரம் தண்ணியே காட்டாதீங்க. வேர் அழுகிட்டிருக்கு. வெளிய எடுத்து, கறுத்த வேரை வெட்டிட்டு, காஞ்ச மண்ணுல வைங்க. யார் சார் தினமும் ஊத்துறது?"

மனைவி கணவரைப் பார்த்தார்.

"ரெண்டு வேளை," என்றார் மனைவி. "பம்ப்செட்காரர் வீடாச்சே."

வேனில் ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் அண்ணன் ஸ்டாப்வாட்சைத் தட்டினார். முதல் சிக்னல் போனது. இரண்டாவது போனது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் அழுகை வருமா சிரிப்பு வருமா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"தங்கச்சி, ஊத்திக்கிச்சா?"

பதில் இல்லை.

"டைல்ஸ் கடையும் நல்ல தொழில்தான். என் மச்சான் கூட..."

பதில் இல்லை. ஐந்தாவது சிக்னலில் டிரைவர் அண்ணனுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. "எமர்ஜென்சி வாசல்ல நிறுத்தட்டுமா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி வந்தபோது ஸ்டாப்வாட்ச் இருபத்திரண்டு நிமிடம் காட்டியது.

"பத்து டீயும் கழிஞ்சுது," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் படியேறினாள்.

மேடம் ஃபைலைத் திறந்தார். முப்பத்தாறைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். டிராயரிலிருந்து ஒரு பிஸ்கட் வந்தது. அதற்குள் அடிக்கப்பட்ட பதினெட்டைப் பார்த்தார். பிஸ்கட் பாதி வழியில் நின்றது.

"இது நான் கையெழுத்துப் போட்ட பக்கம் இல்லையே."

ரேடியோ சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஆனால் எப்போதும் போல இல்லாமல் சுருக்கமாக, ஆறே வாக்கியத்தில். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"மேடம், எனக்கு இந்த வேலை நிரந்தரமா வேணும்."

வாயை மூடினாள்.

மேடம் அவளைப் பார்த்தார். பிறகு டெலிபோன் தலையில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு அவளை. உதட்டோரம் லேசாகக் கோணியது. அவரும் வாயை மூடிக்கொண்டார்.

சுவரில் ஹோட்டல்காரர் கடிகாரம் தன் வேலையைச் செய்தது. டெலிபோன் அடித்தது, இருவரும் எடுக்கவில்லை, அது ஓய்ந்தது. வேன் சாவியைக் கொடுக்க வந்த டிரைவர் அண்ணன் கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, செருப்புச் சத்தம் கேட்காமல் பின்வாங்கினார். ஆறு நிமிடம். ஒன்பது. மேடம் கையில் இருந்த பிஸ்கட்டின் ஓரம் உதிர்ந்து மேஜையில் விழுந்தது. பம்ப்செட்காரரிடம் பயிற்சி எடுத்து வந்தவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

"என்னைக் கேக்காம நம்பரை மாத்தின," என்றார் மேடம் கடைசியில். "அதுக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ. அங்க போய் அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே உண்மையைச் சொல்லியிருந்தா வேற விஷயம், கேட்டப்புறம்தான் சொன்ன. ஆனா சொன்ன." பிஸ்கட்டைக் கடித்தார். "நிரந்தர ஆணை ஒண்ணு. ரெண்டையும் நீயே டைப் பண்ணிக் கொண்டு வா. கையெழுத்துப் போடுறேன். அப்புறம் இந்த ஆபீஸ்ல இருக்கிற எல்லா செக்கோட நகலையும் எடுத்து, கையெழுத்து யாருதுன்னு பாத்து, நன்றிக் கடிதம் யாருக்குப் போகுதுன்னு ஒத்துப் பாரு. எத்தனை பேருக்கு நாம ஆள் மாத்தி நன்றி சொல்லிட்டிருக்கோமோ."

ரேடியோ நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். மேடம் ஒரு விரலை நீட்டி ஸ்டிக்கரைக் காட்டினார். அவள் மூடிக்கொண்டு டைப் அடிக்கப் போனாள்.

வீட்டில் அப்பா நிரந்தர ஆணையை லேமினேட் செய்து ஷோகேஸில் வைத்தார். தம்பி மெமோவின் நகலை லேமினேட் செய்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினான். அதில் 'எண்ணிக்கையைக் குறைத்ததற்கான காரணம்' என்ற இடத்துக்கு எதிரே ரேடியோ ஒரே சொல் எழுதியிருந்தாள். 'பயம்.' அதற்குக் கீழே சிவப்பு மையில் மேடம் எழுதியது: 'ஏற்கப்பட்டது. இன்னொரு முறை குறைத்தால் கடிகாரம் உன் வீட்டுச் சுவருக்கு வரும்.'